குருடாயில் காலத்து பிட்டர்கள்

தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் பக்கம் டீசல் முதலில் வந்து இறங்கியது கிணற்று மேட்டில்தான். சாலைக்கு அது வந்தது அப்புறம். பழைய டீசல் பிக்கப் ஒன்றைப் பார்த்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கை இந்த வட்டாரத்தில் பிடித்து, "யாரிடம் தொழில் படித்தீர்கள்?" என்று கேளுங்கள். அவருடைய குருவுக்குக் குரு யார் என்று விசாரித்துக்கொண்டே போனால் பெரும்பாலும் ஓர் ஆயில் என்ஜின் பிட்டர் வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள். எங்கள் வீட்டுக் கதையும் அதுதான். அப்பா ஆயில் என்ஜின் பிட்டர். நான் பிக்கப் பார்க்கிறவன். லாரிக் கம்பெனிகளுக்கும் பஸ் முதலாளிகளுக்கும் வரலாறு எழுத ஆள் இருக்கிறார்கள். கையில் ஸ்பேனரோடு கிணறு கிணறாய்ப் போனவர்களுக்கு யாரும் இல்லை.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவையைச் சுற்றியிருந்த ஊர்களுக்கு மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டது. நூற்பாலைகளும் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறைகளும் அந்தக் கரண்ட்டை நம்பி எழுந்தவை. கிழக்கே வரவரக் கம்பி குறைந்துவிடும். எங்கள் மேட்டுக்காடுகளில் மழை கம்மி, கிணறு ஆழம், கம்பம் எட்டாத தூரம். காளைகளைப் பூட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த விவசாயிக்கு மின்சாரத்துக்கு முன்பே கைக்கு எட்டியது ஆயில் என்ஜின். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் என்ஜின் இந்தச் சாதியில் பேர்போனது. 5 குதிரைத்திறன், நிமிடத்துக்கு வெறும் 600 சுற்று, இரண்டு பக்கமும் ஆள் இடுப்பளவு பிளைவீல். பிற்பாடு குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே மாதிரியை வார்த்து நாடெங்கும் விற்றன. 1946இல் புனேயை அடுத்த கிர்க்கியில் கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் கம்பெனி தொடங்கியது. அவர்களுடைய 5 குதிரைத்திறன் என்ஜின் 1500 சுற்றில் ஓடுவது. உடம்பு சின்னது என்பதால் மாட்டு வண்டியில் ஏற்றி ஒரு கிணற்றிலிருந்து இன்னொரு கிணற்றுக்குக் கொண்டுபோகலாம். அண்ணன் தம்பி பாகம் பிரிந்த வீடுகளில் என்ஜின் மட்டும் பொதுவில் இருந்ததற்கு இந்த எடைதான் காரணம். சண்டைக்கும் அதுவே காரணம்.

அப்பா காலத்தில் டீசலைக் 'குருடாயில்' என்பார்கள். அதில் ஓடிய ஆயில் என்ஜின்களில் பேட்டரி இல்லை, பிளக் இல்லை, ஒரு துண்டு ஒயர்கூடக் கிடையாது. காற்றைப் பதினேழு பதினெட்டில் ஒரு பங்காக நெருக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கும் மேல் கொதிக்கும். அதில் எண்ணெயைப் பூத்தூறலாகப் பீச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அவ்வளவுதான் தத்துவம். ஸ்டார்ட் செய்ய வால்வைத் தூக்கிப் பிடிக்கும் டிகம்ப்ரஷன் லிவரைத் தட்டிவிட்டு, கைப்பிடி போட்டுச் சுற்றி, பிளைவீல் வேகம் எடுத்ததும் லிவரை விட வேண்டும். கைப்பிடியில் கட்டைவிரலை வளைத்துப் பிடித்தவன் மணிக்கட்டு போயிற்று. ஐந்து விரலும் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான் அப்பா எவனுக்கும் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

இரண்டாவது பாடம், என்ஜின் ஓடவில்லை என்றால் காரணம் மூன்றுக்குள் அடங்கும் என்பது. எண்ணெய் வரவில்லை, காற்று வரவில்லை, அழுத்தம் நிற்கவில்லை. நாலாவது ஒன்றைச் சொல்பவன் காசு பிடுங்கப் பார்க்கிறான் என்பார். பழைய டீசல் வண்டிகளின் மொத்த வைத்தியமும் இந்த மூன்றில் அடக்கம். இன்றும் கடைக்கு வரும் பையன்களுக்கு நான் இதையேதான் சொல்கிறேன்.

அதே காலத்தில் சாலையில் ஓடியது பெட்ரோல். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டிய பஸ் தொடங்கி, மதுரை டி.வி.எஸ். பஸ்கள் வரை எல்லாம் அப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி அந்த வாயுவில் ஓட்டினார்கள். அதற்கான சாதனங்களை டி.வி.எஸ். நிறுவனமே செய்து விற்றது. டீசல் சாலையைப் பிடித்தது 1950களில்தான். 1954இல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. சென்னை எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஊர்கள் லாரி ஊர்கள் ஆனது இந்த இரண்டு கம்பெனிகளின் வண்டிகளை வைத்துத்தான். ஆனால் லாரி மெக்கானிக் லாரிப் பேட்டையை விட்டு நகரவில்லை. கிராமத்து வாசலுக்கு வந்தவன் ஆயில் என்ஜின் பிட்டர் ஒருவன்தான்.

பிட்டர் எதையும் பிரிப்பான், ஒன்றைத் தவிர. அது என்ஜினுக்குள் எண்ணெயைப் பீச்சும் பம்ப். ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக்காட்டிய என்ஜின் எண்ணெயைப் பீச்ச ஒரு காற்றழுத்த இயந்திரத்தையே கூட வைத்திருந்தது. அந்தக் கனத்தை வண்டியில் ஏற்ற முடியாது. ராபர்ட் பாஷ் கம்பெனி 1927இல் எண்ணெயை நேராக அழுத்திப் பீச்சும் பம்ப்பைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கியதும்தான் டீசலுக்குச் சாலைக் கதவு அகலத் திறந்தது. அந்த பம்ப்பின் உள்ளே பிளஞ்சரும் பேரலும் ஒன்றுக்குள் ஒன்று ஓடும். இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். தலைமுடியின் கனம் அதைப்போல இருபது மடங்காவது இருக்கும். ஒரு பம்ப்பின் பிளஞ்சரை இன்னொரு பம்ப்பில் போட முடியாது, ஜோடி ஜோடியாகவே செய்தவை. 1951இல் தொடங்கிய மைக்கோ கம்பெனி பெங்களூரில் இவற்றைச் செய்ய ஆரம்பித்த பிறகு எங்கள் பக்கத்தில் பம்ப் என்றாலே மைக்கோ என்று ஆயிற்று. வேறு கம்பெனி பம்ப்பையும் "மைக்கோவைக் கழட்டு" என்றுதான் சொல்வார்கள்.

பம்ப்பின் செட்டிங் ஸ்குரூவில் கம்பி கோத்து ஈய முத்திரை குத்தியிருக்கும். அதை அறுத்தவன் தொழில் மரியாதையை அறுத்தவன். அதனால் பம்ப்புக்கு என்றே ஒரு தனிச் சாதி மெக்கானிக் உருவானான். அவன் கடைக்குப் பேர் பம்ப் ரூம். லாரி ஊர்களில் தொடங்கி கோவை, கரூர், தாராபுரம் என்று பம்ப் ரூம்கள் பரவின. கதவு எப்போதும் சாத்தியிருக்கும், தரை கழுவி இருக்கும், செருப்பை வெளியே விட வேண்டும். பனியனில் கிரீஸ் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். எங்கள் ஊர் பம்ப் ரூம்காரரை அப்பா 'ஐயர்' என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். அவர் ஐயரும் இல்லை, கேலியைப் பொருட்படுத்தியவரும் இல்லை.

பம்ப் ரூமில் பார்க்க வேண்டியது, சிலிண்டருக்குள் எண்ணெயைப் பீச்சும் மூக்கான நாசிலின் டெஸ்ட். கைப்பிடி வைத்த சின்ன பம்ப் ஒன்றில் நாசிலை மாட்டி அழுத்துவார்கள். மீட்டர் முள் ஏறும். எண்ணெயை ஒரு சின்ன முன்னறையில் பீச்சும் என்ஜினின் நாசில் சுமார் 120 கிலோ அழுத்தத்தில் திறக்க வேண்டும், நேரடியாக பிஸ்டன் தலையில் பீச்சும் டி.ஐ. என்ஜின் நாசில் 200 கிலோ பக்கத்தில். திறக்கும்போது கொர்ர் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தமும் நுனியில் ஒரு சொட்டும் தொங்காத வறட்சியும்தான் நல்ல நாசிலுக்கு அடையாளம். திறக்கும் அழுத்தம் குறைந்திருந்தால் ஸ்பிரிங் மேல் மெல்லிய தகட்டு வாஷர் சேர்த்து ஏற்றுவார்கள். அந்தத் தூறல் கண்ணுக்குப் புகைபோலத் தெரியும், ஆனால் விரலை நீட்டினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டீசல் உள்ளே இறங்கிய விரலை வெட்டி எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு. தொழில் கற்க வருகிறவன் எவ்வளவு முரடனாக இருந்தாலும் இந்த இடத்தில் அவனைக் கையைக் கட்டி நிற்கவைத்துத்தான் காட்டுவோம்.

1960களிலும் 70களிலும் மின்கம்பம் எங்கள் காடுகளையும் எட்டியது. ஒரு கிணற்றுக்கு சர்வீஸ் கிடைத்தால் ஓர் ஆயில் என்ஜின் சாளைக்குள் போய் முடங்கும். அப்பாவுக்குக் கூப்பிடு குறைந்தது. அந்தச் சமயத்தில்தான் 1973இல் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஏறியது. பெட்ரோல் ஜீப் வைத்திருந்த மிராசுகளும் காண்ட்ராக்டர்களும் தலையில் கை வைத்தார்கள். 1940களின் இறுதியில் பம்பாயில் மகேந்திரா பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்புகள் எல்லாம் பெட்ரோல். 2.2 லிட்டர் என்ஜின், ஊற்ற ஊற்றக் குடிக்கும். ஜீப்பிலிருந்து பெட்ரோல் என்ஜினைத் தூக்கிவிட்டு டீசல் என்ஜினை உட்காரவைக்கும் வேலை ஊர் ஊராக ஆரம்பித்தது. அப்பாவுக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இரண்டாம் பிறவி அதுதான்.

ஜீப் கம்பெனியே போன பாதையும் வயல் வழியாகத்தான் போயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும். மகேந்திரா 1963இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடும் வோல்டாஸோடும் கூட்டுச் சேர்ந்து, பிறகு பி-275 டிராக்டர் செய்யத் தொடங்கியது. அந்த டிராக்டர் என்ஜினின் வம்சம்தான் பின்னால் டீசல் ஜீப்புகளில் ஏறியது. 'இன்டர்நேஷனல் என்ஜின்' என்றால் இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. ஏர் உழுத என்ஜினுக்குச் சாலையில் பாரம் இழுப்பது ஒரு வேலையா என்பார்கள். வேகம் மட்டும் கேட்கக் கூடாது.

என்ஜின் மாற்றுவது என்றால் நாலு போல்ட்டைக் கழற்றி நாலு போல்ட்டை மாட்டுவதல்ல. டீசலின் அதிர்ச்சிக்கு மவுண்டிங் புதிதாக அடிக்க வேண்டும். ரேடியேட்டர் போதாது. பெட்ரோல் என்ஜின் காற்றை உறிஞ்சும் குழாயில் ஒரு வாக்குவம் இருக்கும், பழைய ஜீப்பில் வைப்பர் ஓடியதே அதில்தான். டீசலில் காற்றுக்குத் தடுப்புக் கதவு இல்லாததால் அந்த வாக்குவம் இல்லை. மழையில் வைப்பர் ஆடாமல் நின்றபோதுதான் பலருக்கு இது தெரிந்தது. வாக்குவம் பிரேக் வைத்த வண்டிகளுக்குத் தனி வாக்குவம் பம்ப் வேண்டும் என்று ஆகி, பிற்பாடு அதை ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பூட்டிக் கம்பெனிகள் அனுப்பின. பழைய டீசல் பிக்கப்பில் பிரேக் மிதி கல்லாக இருந்தால் பிரேக்கைப் பிரிக்கும் முன் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் பார்ப்பது இதனால்தான்.

குண்டடம் பக்கம் அப்படி டீசலுக்கு மாற்றிய ஒரு ஜீப். ஆர்வக்கோளாறில் என்ஜின் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார்கள். ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்துவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்கவில்லை, பம்ப்பைக் கட் செய்தாலும் நிற்கவில்லை. வெள்ளையும் நீலமுமாகப் புகை, என்ஜின் கத்திக்கொண்டே ஏறுகிறது. எல்லோரும் ஓடினார்கள். அப்பா தொட்டியில் கிடந்த நனைந்த கோணிச் சாக்கை எடுத்து ஏர் பில்டர் வாயில் அமுக்கினார். மூச்சடைத்து நின்றது. ஆயில் என்ஜின் காலத்தில் இந்தப் பேய் பிடிப்பது அடிக்கடி நடக்கும், அதனால் சாக்கை நனைத்து வைப்பது அவர்கள் பழக்கம். லாரிப் பட்டறையில் வளர்ந்த ஒருவர் அன்று அங்கே இருந்தும் ஒயரைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தார். பழைய டீசலுக்கு ஓடுவதற்குக் கரண்ட் தேவையே இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் ஒட்டன்சத்திரம் வரை போய்வரும்.

1980களில் கம்பெனிகளே சின்ன டீசல் வண்டிகளை இறக்கின. பிரான்ஸின் பெஜோ கம்பெனி என்ஜினை லைசென்ஸில் வாங்கி மகாராஷ்டிரத்து இகத்புரியில் மகேந்திரா செய்தது. 90 மில்லிமீட்டர் போர், 2112 சிசி, ஜீப்பில் அது ஏறியதும் டிராக்டர் சத்தம் குறைந்து வேகம் வந்தது. பஜாஜ் டெம்போவின் மெட்டடோர் ஏற்கெனவே கல்யாண வீடுகளையும் காய்கறி மண்டிகளையும் பிடித்திருந்தது. 1986இல் டாடா 407 வந்தது. 1988இல் டாடா மொபைல் என்ற பிக்கப், 1948 சிசி. அந்த வழியில் வந்த 207 வண்டியில் கடைசியில் 407இன் குடும்பத்து 2956 சிசி டி.ஐ. என்ஜினையே வைத்தார்கள். மூலனூர் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தேங்காய், ஆடு எல்லாமே பிக்கப்பில் ஏறின. முன்பெல்லாம் ஊருக்கு ஒரு லாரி வந்து ஏற்றிப்போகும்வரை விவசாயி காத்திருக்க வேண்டும். விலை ஏறிய அன்று தானே மண்டிக்குக் கொண்டுபோகும் வசதி பிக்கப்பால்தான் வந்தது.

மண்டிக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் முருங்கைக்காய் குச்சியாகிவிடும். ஆகவே பிக்கப் ரிப்பேர் எப்போதும் விடிகாலை ரிப்பேர். அந்த அவசரம் ஒரு விதமான விசாரணை முறையை உண்டாக்கியது. ஒரு பழைய பிக்கப்காரர் வாரத்தில் பாதி நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை என்று வந்து நின்றார். மீதி நாள் ஒரே அடியில் ஸ்டார்ட். நாசில் மாற்றியாயிற்று, ஸ்டார்ட்டர் மோட்டார் கட்டியாயிற்று, புது பேட்டரியும் போட்டாயிற்று. அப்பா வண்டியைத் தொடவே இல்லை.

"ராத்திரி வண்டிய எப்படி நிறுத்தறீங்க?"

"வாசல்லதானுங்க."

"மூஞ்சி மேட்டப் பாத்துங்களா, பள்ளத்தப் பாத்துங்களா?"

அவர் யோசித்தார். "எடம் இருக்கறதப் பாத்து நிறுத்தறதுங்க. மேட்டப் பாத்து உட்டா மறுநா மக்கர் பண்ணுதுங்க."

பதில் கிடைத்துவிட்டது. மூஞ்சி மேட்டில் இருந்தால் டேங்க் தாழ்ந்து, என்ஜின் உயர்ந்து நிற்கும். லைனில் எங்கோ மயிரிழைக் கசிவு இருந்தால் இரவெல்லாம் அதன் வழியே காற்று நுழைந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் டேங்க் மேலே, டீசல் லைனிலேயே நிற்கும். இந்தக் கசிவின் தந்திரம் என்னவென்றால் ஒரு சொட்டுகூட வெளியே ஒழுகாது. டேங்கிலிருந்து பீட் பம்ப் வரை உறிஞ்சும் பக்கம். அங்கே டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். தரையில் ஈரத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மெக்கானிக்குக் கடைசிவரை அகப்படாது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஒரு கேனில் டீசல் ஊற்றி என்ஜினுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, பீட் பம்ப்புக்கு நேராகக் கொடுக்க வேண்டும். மக்கர் நின்றால் குற்றவாளி டேங்க் பக்கம். அப்புறம் ஒவ்வொரு இணைப்புக்கும் இடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டிக் குமிழி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல குழாய் கிடைக்காத காலத்தில் ஆஸ்பத்திரிக் குப்பையில் போகும் சலைன் குழாய்தான் எங்கள் கருவி. அந்த வண்டியில் கிளிப்புக்கு அடியில் வெடித்திருந்த ரப்பர் ஓஸ் ஒரு சாண். செலவு டீக் காசு. ஓஸை மாற்றிய பிறகு காற்றை வெளியேற்ற வேண்டும். கை பம்ப்பை அடித்துக்கொண்டே முதலில் பில்டர் மேல் ஸ்குரூ, அப்புறம் பம்ப் மேல் ஸ்குரூ, கடைசியில் நாசில் பைப் நட்டைத் தளர்த்தி செல்ப் அடிப்பது. வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து. பேன்ஜோ போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் இல்லையென்றால் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகிவிடும். இரும்பைப் போலச் செம்பு இறுகாது. ஆயில் என்ஜின் பிட்டரின் பையில் ஒரு பிடி பழைய செம்பு வாஷர் எப்போதும் கிடக்கும்.

நாலு சிலிண்டரில் எது செத்திருக்கிறது என்பதற்கு ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் துணியைச் சுற்றித் தளர்த்துவார்கள். சத்தம் மாறினால் அது உயிரோடு இருக்கிறது. மாறாதது செத்தது. காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த உடனே புகைக் குழாயின் கிளைகளில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் வைப்பதும் உண்டு. கடைசியாகக் காய்கிற கிளை நோயாளி. புகையின் நிறம் பெரும்பாலும் பொய் சொல்லாது. கறுப்பு என்றால் எண்ணெய் அதிகம் அல்லது காற்று குறைவு, முதலில் ஏர் பில்டரைத் தட்டுங்கள். வெள்ளை என்றால் எரியாத டீசல், அழுத்தமோ டைமிங்கோ போயிருக்கும். சூடான பின்னும் வெள்ளை நிற்காமல் ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, ரிங்கும் லைனரும் தேய்ந்தாயிற்று. முன்னறை என்ஜின்களில் இன்னொரு தொல்லை ஹீட்டர் பிளக். பழைய வண்டிகளில் நாலையும் மாரியம்மன் நோம்பிச் சீரியல் பல்பு மாதிரி ஒரே கம்பியில் கோத்திருப்பார்கள். ஒன்று போனால் நாலும் செத்துவிடும்.

லைனர் தேய்ந்தால் கோவைக்கு. வார்ப்படமும் கடைசலும் பிஸ்டனும் கையெட்டும் தூரத்தில் கிடைத்த ஊர் அது. சென்னை செம்பியத்தில் 1949 முதல் இந்தியா பிஸ்டன்ஸ் இருந்தது, பாகங்கள் அங்கிருந்து வரும். கிராங்கைக் கடைந்து அளவு குறைத்து, அதற்கேற்ற பேரிங் போட்டு, ஹெட்டின் முகத்தை ஒரு நூல் சீவி, ஓர் என்ஜினை மூன்று நான்கு முறை மறுபிறவி எடுக்கவைப்பார்கள். கிடைக்காத பாகத்தைச் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். அங்கே கிடைக்காதது அனேகமாக இந்தியாவிலேயே கிடைக்காது.

எண்ணெயும் மாறிக்கொண்டே வந்தது. ரேஷன் மண்ணெண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் அதை டீசலில் கலப்பது ஊரறிந்த ரகசியம். வரிசை பம்ப்பில் அடியில் உள்ள கேம்ஷாப்ட்டுக்குத் தனி ஆயில் உண்டு, ஓரளவு தாங்கும். சுழல் பம்ப்புக்கு டீசலேதான் ஆயில். இங்கிலாந்தின் சி.ஏ.வி. கம்பெனி செய்து நம் டிராக்டர்களில் பரவிய டி.பி.ஏ. பம்ப் அந்த வகை. மண்ணெண்ணெய்க்கு வழவழப்புக் கிடையாது, பம்ப் உள்ளே வறண்டு பிடித்துக்கொள்ளும். பம்ப் ரூம்காரர் பிளஞ்சரில் விழுந்த கோட்டைப் பார்த்தே, "எந்த ஊர்ல எண்ண போட்டே?" என்று கேட்பார். இன்னொரு பக்கம் கந்தகம். 2000ஆம் ஆண்டில் டீசலில் பத்து லட்சத்துக்கு 2,500 பங்குவரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. பாரத் ஸ்டேஜ் 2இல் அது 500, மூன்றில் 350, நாலில் 50, 2020 ஏப்ரலில் வந்த ஆறில் வெறும் 10. கந்தகத்தை எடுக்கும்போது எண்ணெயின் இயல்பான வழவழப்பும் குறைவதால் சுத்திகரிப்பு ஆலைகள் அதற்கென்று சேர்மானம் சேர்க்கின்றன. 'புது டீசல் பழைய பம்ப்பைக் கொல்லும்' என்ற பேச்சு பாதி உண்மை. என் கடையில் பழைய பம்ப்புகளைக் கொன்றது பெரும்பாலும் தண்ணீர். பேரல்களில் வாங்கி வைத்து ஊற்றுகிறவர்கள் பில்டர் அடியில் உள்ள திருகை மாதம் ஒருமுறையாவது திறந்து தண்ணீரை வடித்திருந்தால் பம்ப் ரூம்கள் பாதி மூடியிருக்கும்.

2010க்குப் பிறகு வந்த பிக்கப்புகளில் காமன் ரெயில். 1,600 பார் அழுத்தம், கம்ப்யூட்டர் சொல்லும் நேரத்தில் பீச்சுகிற மின்சார நாசில். ஓடும்போது பைப் நட்டைத் தளர்த்தும் அப்பாவின் வித்தையை இதில் செய்தால் ஆளையே கொன்றுவிடும். ஸ்கேனர் மாட்டிக் கோடு பார்ப்பதுதான் வழி. கற்றுக்கொண்டேன், பார்க்கிறேன். பழசுதான் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. மூடிய பட்டறைக்குள் அந்தப் புகையைக் குடித்தவர்கள் நாங்கள்தான். புது வண்டி அந்த விஷயத்தில் யோக்கியம். ஆனால் புது மெக்கானிக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் போய்விட்டது. ராத்திரி வண்டியை எப்படி நிறுத்தினீர்கள் என்று எந்த ஸ்கேனரும் கேட்காது.

பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். வைத்துக்கொள்ளலாமா, விற்றுவிடலாமா? வண்டியை ஸ்டார்ட் செய்துகாட்டிப் புகையைப் பார்க்கச் சொல்வார்கள். நான் பார்ப்பது அதையல்ல. அடியில் படுத்து, பின் பட்டைக்கட்டின் கொண்டி சேஸோடு சேரும் இடத்தைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பேன். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளிலிருந்து எரு ஏற்றிய வண்டி என்றால் அந்த இடம் பெரும்பாலும் பொருக்காக உதிரும். கோழி எருவும் ஈரமும் சேர்ந்தால் இரும்புக்கு எமன். என்ஜினுக்கு லைனர் உண்டு, பம்ப்புக்கு பம்ப் ரூம் உண்டு, அரித்துப்போன சேஸுக்கு ஒட்டுப்போட்ட வெல்டிங் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுச் சோதனையிலும் நிற்காது, பாரத்திலும் நிற்காது. சேஸ் கெட்டியாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். தட்டும்போது துரு கொட்டினால் என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் இந்த எஃப்.சி.க்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.